12 வயது ஹையேஸ் வேன்: இன்ஸ்பெக்‌ஷன் முதல் தடவையிலேயே பாஸ் ஆகுமா?

தேக்கா_டெலிவரி:

வணக்கம். சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து தேக்காவுக்குக் காய்கறி ஏற்ற ஒரு வேன் பார்த்து வைத்திருக்கிறேன். டொயோட்டா ஹையேஸ், 3.0 டீசல், மேனுவல் கியர். முதல் பதிவு 2013, மீட்டரில் 280,000 கி.மீ. சிஓஇ (வண்டியை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தது, 2028 வரை இருக்கிறது. "வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ்தான், கவலையே வேண்டாம்" என்கிறார் விற்பவர்.

இந்த வயது டீசல் வேன் முதல் தடவையிலேயே பாஸ் ஆவதை எவ்வளவு தூரம் நம்பலாம்? எந்த இடத்தில் மாட்டும்? வாங்குவதற்கு முன்னால் எதைத் தட்டி, தூக்கிப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவேன்:

"வருஷா வருஷம்" என்று அவர் சொன்னதிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. சரக்கு வாகனத்துக்கு முதல் பதிவு நாளிலிருந்து பத்து வயது வரைக்கும்தான் வருடத்துக்கு ஒரு தடவை. பத்தைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. வீட்டுக் காரின் கணக்கு வேறு: மூன்று வயதிலிருந்து பத்து வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடந்தோறும். கார் கணக்கை வேனுக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. அதனால் 2028 வரைக்கும் நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டும். விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

இன்னொன்று. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி நீட்டிக்க முடியாது. 2028இல் வண்டியின் பதிவை ரத்து செய்துதான் ஆக வேண்டும். ஆகவே இந்த வேனுக்குப் பெரிய எஞ்சின் வேலை எதுவும் கட்டுப்படியாகாது. இரண்டரை வருடத்துக்குப் பாஸ் ஆகுமா என்பது மட்டும்தான் கேள்வி.

நம்பலாமா என்று கேட்டால்: ஒழுங்காக சர்வீஸ் பார்த்த ஹையேஸ் 12 வயதிலும் முதல் தடவையிலேயே பாஸ் ஆகும். கவனிக்காமல் விட்ட வண்டி ஏழு வயதிலும் திரும்பி வரும். வயது நேரடியாக எதையும் தோற்கடிப்பதில்லை. ரப்பர், துரு, கரி மூன்றும் வயதோடு சேர்ந்து வருகின்றன, அவ்வளவுதான். டீசல் வேனில் மாட்டும் இடம் பெரும்பாலும் இரண்டு: புகை, பிரேக்கின் இடது வலது வித்தியாசம். மிச்சமெல்லாம் பல்பு, டயர், பூட் (மூட்டுகளை மூடும் ரப்பர் உறை) மாதிரி சில்லறை விஷயங்கள்தான். ஆனால் அந்தச் சில்லறைக்கும் இரண்டாவது தடவை போய் வரிசையில் நிற்க வேண்டும்.

விற்பவரிடம் கடைசி இரண்டு இன்ஸ்பெக்‌ஷன் தாள்களைக் கேளுங்கள். "பாஸ்" என்ற முத்திரையோடு நிறுத்தாமல் புகை அளவையும் பிரேக் அளவையும் பாருங்கள். பாஸ் ஆன வண்டியிலும் புகை அளவு தடவைக்குத் தடவை ஏறிக்கொண்டே போனால் அடுத்த தடவை உங்கள் தலையில்தான் விடியும். தாளே இல்லை என்றால் விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

டீசல்பம்ப்:

புகையைப் பற்றி நான் சொல்கிறேன்.

இங்கே டீசல் வேனை உருளைமேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்குச் சுமை கொடுத்து, ஓடுகிற நிலையில் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். அளவு ஹார்ட்ரிட்ஜ் என்ற புகை அடர்த்தி அலகில் வரும். கார் பார்க்கில் நின்றபடி ஆக்சிலரேட்டரை மிதித்து "பார், புகையே இல்லை" என்று விற்பவர் காட்டுவது எதற்கும் உதவாது. சுமை இல்லாத எஞ்சினில் கறுப்புப் புகை ஒளிந்துகொள்ளும். மூன்றாம் கியரில் ஒரு மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பின்கண்ணாடியைப் பாருங்கள், அல்லது பின்னால் ஒரு வண்டியில் ஆளை வரச் சொல்லுங்கள். உருளைச் சோதனைக்குக் கிட்டத்தட்ட ஒத்து வருவது அதுதான்.

கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் கூடுதல். மலிவான காரணத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். மார்க்கெட் தூசியில் ஓடும் வண்டியில் அது சீக்கிரமே அடைபடும். அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்கள். கிளிப் இருக்கும் இடத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் வெடிக்கும். விரலால் தடவினால் எண்ணெய் ஈரம் தெரியும், சுமையில் "உஸ்" என்று சத்தம் வரும். அங்கே காற்று ஒழுகினால் வண்டி இழுக்காது, புகையும் தள்ளும். மூன்றாவது ஈஜிஆர் வால்வு, எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடுவது. கரி படிந்து திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் எஞ்சின் தன் புகையையே மறுபடி உறிஞ்சும். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மாசுக்கட்டுப்பாட்டுக் கருவியைக் கெடுக்கிற வேலை, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரிய ஆரம்பிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கறுப்பாக வந்தால் இன்ஜெக்டர். அந்த வேனில் இருப்பது 1கேடி எஞ்சின், காமன்ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை). ஸ்கேனரை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் நான்கு சிலிண்டரின் இன்ஜெக்‌ஷன் ஃபீட்பேக் அளவைப் பாருங்கள். நான்கும் பிளஸ் மைனஸ் 3க்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாண்டி நின்றால் அந்த இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். அதோடு ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். தார் மாதிரி கெட்டியான கரி ஒட்டியிருந்தால் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வாஷர் கசிகிறது. எரிவாயு மேலே ஏறி ஆயிலைக் கெடுக்கும், அந்தக் கரி கீழே இறங்கி ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். அப்புறம் போவது டர்போ, அதற்கப்புறம் எஞ்சின். இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆகிற வண்டியிலும் இது இருக்கலாம். எனக்குக் கேட்டால், அந்த மூடியைத் திறக்க விற்பவர் தயங்கினாலே வேறு வண்டி பார்ப்பது நல்லது.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: டர்போ சீல் அல்லது வால்வு சீல். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எரியாத டீசல், அல்லது ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது. உங்கள் கணக்குக்கு இரண்டுமே வேண்டாம்.

கிளட்சையும் பாருங்கள். நான்காம் கியரில் 40இல் போகும்போது முழுசாக மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் நழுவுகிறது. உருளைமேல் அப்படி நழுவினால் சோதனையே சரியாக நடக்காது. 1கேடியில் டைமிங் பெல்ட் என்பதையும் மறக்க வேண்டாம். மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் முழுச் சுமையில் ஓட்டச் சொல்வது விபரீதம்.

டின்னில் விற்கிற இன்ஜெக்டர் க்ளீனரை ஊற்றிவிட்டு நேராக இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போவது காசுக்குப் பிடித்த கேடு.

தேக்கா_டெலிவரி:

நன்றி அண்ணே. விடியற்காலையில் குறுகிய ஓட்டம், நிறுத்தி நிறுத்தி இறக்குவது, அதுதான் என் வேலை முறை. அதில் கரி படியும் என்கிறார்கள். சோதனைக்கு முன்னால் விரைவுச்சாலையில் ஓட்டினால் சரியாகுமா, அல்லது அதுவும் கதையா?

டீசல்பம்ப்:

கதை இல்லை, ஆனால் வரம்பு உண்டு. எக்ஸாஸ்டில் படிந்த உலர்ந்த கரி முதல் முழு மிதிப்பில் ஒரே கொத்தாக வெளியே வரும். உருளைமேல் அது வரக்கூடாது, வழியிலேயே வந்துவிட வேண்டும். அதனால் நிலையத்துக்குப் போகும் முன் 20, 30 நிமிடம் ஆயர் ராஜா விரைவுச்சாலை மாதிரி நீளமான பாதையில் ஓட்டுங்கள். வேனுக்கு வேக வரம்பு 70 தான். அதற்குள்ளேயே ஒரு கியர் குறைத்து ஓட்டினால் ஆர்பிஎம் கிடைக்கும், வேகத்தை ஏற்ற வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்ததும் எஞ்சின் ஆறுவதற்குள் சோதனைக்குள் நுழைந்துவிடுங்கள். கார் பார்க்கில் நிறுத்தி அரை மணி நேரம் ஐடிலில் சூடேற்றுவது வேண்டாம். கரி இன்னும் படியும், எஞ்சினை ஓடவிட்டு நிற்பதே இங்கே குற்றம்.

ஆயில் அளவும் தண்ணீர் அளவும் சரிபார்க்காமல் இதைச் செய்யாதீர்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இருந்தாலும் புகை வரும். நிறைய ஊற்றினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2013 பதிவு என்பதால் உங்கள் வேன் யூரோ 4 என்ற புகை மாசுத் தரக் காலத்து வண்டி. புதிய டீசல் வண்டிகளுக்கு யூரோ 5 கட்டாயமானது 2014 ஜனவரியில், யூரோ 6 2018 ஜனவரியில். டிபிஎஃப் (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிந்தைய வேனை யாராவது பார்க்கிறீர்கள் என்றால், வெள்ளை டிஷ்யூவைச் சைலன்சர் குழாய்க்குள் விட்டுத் துடையுங்கள். டிபிஎஃப் நன்றாக இருந்தால் லேசான சாம்பல் நிறம்கூட அரிது. கறுப்பாக வந்தால் உள்ளே விரிசல், அல்லது யாரோ உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்கள்.

காக்கிபுக்கிட்_ரென்ச்:

புகையைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் ஹையேஸில் நான் முதலில் திறப்பது பின் பிரேக் டிரம்.

உருளைப் பிரேக் சோதனையில் ஒவ்வொரு சக்கரத்தின் பிடியும் தனியாக வரும். மொத்தப் பிடி போதுமா என்பது ஒன்று, இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்பது இன்னொன்று. ஓட்டும்போது வேன் நன்றாக நிற்கும், ஆனாலும் வித்தியாசத்தில் விழும். முன் டிஸ்க் பெரும்பாலான வேலையைச் செய்வதால் பின்னால் ஒரு பக்கம் தூங்குவது ஓட்டுநருக்குத் தெரியாது.

டிரம்மைக் கழற்றினால் மூன்றைப் பாருங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகத் தூக்குங்கள். உள்ளே ஈரம் கொஞ்சம் மினுங்கினால் பரவாயில்லை. சொட்டு வழிந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும். அடுத்து கியர் ஆயில் வாசனை. வந்தால் ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது. ஆயில் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுகிறார்கள், ஒரு வாரத்தில் மறுபடி வழுக்கும். ஷூவை ஜோடியாக மாற்றுங்கள். சீலை மாற்றும்போது டிஃப்பரென்ஷியல் மேலே இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்தால் உள் அழுத்தம் புதுச் சீலையும் தள்ளிவிடும். மூன்றாவது டிரம்மின் தேய்மானம். எந்த அளவு வரை போகலாம் என்பது டிரம்மிலேயே வார்த்திருக்கும்.

ஹேண்ட் பிரேக்தான் அடிக்கடி கெடுக்கப்படும் இடம். பிடிக்கவில்லை என்றதும் கேபிளை இறுக்குகிறார்கள். வரிசையே தலைகீழ். கேபிளை முழுசாகத் தளர்த்திவிட்டு, பின் தகட்டில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, உள்ளே பல் சக்கரத்தைத் திருப்பி ஷூ டிரம்மைத் தொடும் வரை கொண்டு வாருங்கள். பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும் வரை சில பற்கள் பின்னால். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆன பிறகுதான் கேபிள். முதலிலேயே கேபிளை இறுக்கினால் ஷூ முழுசாகத் திரும்பாது, தானாகச் சரிசெய்யும் அமைப்பும் வேலை செய்யாது, இன்னும் கொஞ்ச நாளில் பெடல் ஆழமாகப் போகும்.

முன்னால் கேலிப்பர் ஸ்லைடு பின். விரலால் தள்ளி இழுத்தால் நகர வேண்டும். சாலையில் பார்க்க எளிய வழி: நகருக்குள் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு முன் ரிம்மையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் கூடுதல் சூடு என்றால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. பின் அச்சில் எல்எஸ்பிவி வால்வு (சுமைக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) உள்ள வண்டி என்றால் அதன் கம்பி துருப்பிடித்து நின்றுவிட்டதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் பின் பிடி குறையலாம்.

ஒரு முக்கியமான விஷயம், பிரேக் வேலையை இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் செய்யாதீர்கள். புது ஷூவும் பேடும் படிந்து உட்கார சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். புத்தம் புது ஷூ டிரம்மின் வளைவோடு முழுசாக ஒட்டாததால் அளவு குறைவாகத்தான் வரும். இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

அடியில் பார்க்க: முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங், போகாவிட்டால் பால் ஜாயின்ட். இடது வலது பிடித்து ஆட்டினால் தெரிவது டை ராட், ஸ்டீயரிங் ரேக். ரேக் பூட் கிழிந்திருந்தால் சோதனையாளர் கண்ணில் உடனே படும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் யுனிவர்சல் ஜாயின்டைச் சுற்றிச் சிவப்புப் பொடி இருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது.

ஃப்ளீட்_அக்கா:

மெக்கானிக் தம்பிகள் எஞ்சினையும் பிரேக்கையும் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். எழுத்து வேலையும் சில்லறையும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விழுவதுதான் எரிச்சல்.

பின் கதவில் 70 வேக வில்லை இருக்க வேண்டும். வெயிலில் வெளுத்து எண் தெரியாமல் போயிருந்தால் புதிதாக ஒட்டுங்கள். காலி எடை, அதிகபட்ச எடை, ஆள் எண்ணிக்கை எழுதிய எழுத்தும் படிக்கத் தெரிய வேண்டும். வண்டிக்கு மறுபடி பெயின்ட் அடித்தவர்கள் இதை மறந்துவிடுவார்கள். சன்னல் ஃபிலிம்: முன் கண்ணாடியும் முன் பக்கக் கண்ணாடிகளும் 70 சதவீத வெளிச்சம் விட வேண்டும், பின்னால் உள்ளவை 25. பழைய ஃபிலிம் என்றால் கடையில் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்பர் பிளேட் விளக்கு. இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியக்கூடாது. ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாத பல்பு அது. ரிவர்ஸ் விளக்கு, மூன்றாவது பிரேக் விளக்கு இரண்டும் அதே ரகம். சுவரைப் பார்த்துப் பின்பக்கமாக நிறுத்திப் பிரேக்கை மிதித்தால் தனியாளாகவே எல்லாம் தெரியும்.

ஹெட்லைட் மஞ்சளாகி இருந்தால் மெருகேற்றுங்கள். உயரம் மாற்றும் திருகு இருந்தால் 0இல் வையுங்கள். ஹாலோஜன் கூண்டுக்குள் கடைசி நேரத்தில் எல்இடி பல்பு மாட்டாதீர்கள், ஒளி சிதறிக் கோணச் சோதனையில் விழும்.

டயர் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. வேனுக்குச் சுமை டயர்தான் வேண்டும். ஹையேஸில் வழக்கமாக வருவது 195ஆர்15சி, சுமைக் குறியீடு 106/104, அதாவது தனிச் சக்கரத்துக்கு 950 கிலோ. மலிவாகக் கிடைத்தது என்று கார் டயரை மாட்டிய வேனை வாங்காதீர்கள். உள்ளே கூடுதல் இருக்கை, மேலே கேரியர் எதுவாவது பிறகு பொருத்தியிருந்தால் அனுமதிக் கடிதம் கேளுங்கள். கடிதம் இல்லையா, விற்பவர் கழற்றிக் கொடுக்கட்டும்.

வண்டியை வொர்க்‌ஷாப்பிடம் கொடுத்து "நீங்களே கொண்டு போய் பாஸ் பண்ணிவிடுங்கள்" என்பது வசதிதான். ஆனால் ஃபெயில் தாளை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் எதற்காக விழுந்தது, எதை மாற்றினார்கள், எதை மாற்றியதாகச் சொன்னார்கள் என்று ஒன்றும் தெரியாது. விகாம், ஜேஐசி, எஸ்டிஏ என்ற சோதனை நிலையங்களில் எதில் போனாலும் முடிவு கணினி வழியாக நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போய்விடும். பாஸும் காப்புறுதியும் இல்லாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. வரி முடியும் வாரத்தில் போய் நின்றுவிட்டு, விழுந்த பிறகு பாகம் தேடி அலைவது வேண்டாம். சாமானை இறக்கி, காலி வண்டியாகக் கொண்டு போங்கள்.

தேக்கா_டெலிவரி:

ரொம்ப நன்றி அக்கா. ஒரே ஒரு சந்தேகம். முன்னாடி இந்த வேன் மீன் ஏற்றியதாம். தரை விரிப்புக்கு மேலே பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. துரு எங்கே தேடுவது?

காக்கிபுக்கிட்_ரென்ச்:

மீன் வேனா, அப்படியென்றால் நான் மேலே சொன்ன வரிசை மாறுகிறது. முதலில் துரு, அப்புறம்தான் டிரம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் விரிப்புக்கு அடியில் நின்று தகட்டைத் தின்றிருக்கும். விரிப்பை முழுசாக எடுக்கச் சொல்லுங்கள், ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டினால் போதாது. தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களைப் பிடுங்கி, துளையின் விளிம்பு செதில் செதிலாக வருகிறதா என்று பாருங்கள். பின் சக்கர வளைவின் உள்பக்கம், சறுக்குக் கதவின் கீழ்த் தண்டவாளம், பின் கதவுக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டம், இந்த மூன்றும் முதலில் போகும்.

பிறகு வண்டியைத் தூக்கிச் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று வந்தால் இரும்பு இருக்கிறது. மந்தமாக வந்த இடத்தில் முனையால் குத்துங்கள், உள்ளே இறங்கினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். புதுசாகக் கறுப்புத் தார்ப் பூச்சு அடித்திருந்தால் கூடுதல் கவனம். லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தாங்கிகள், சட்டத்தை ஒட்டி ஓடும் பிரேக் குழாய்கள் இரண்டையும் டார்ச் அடித்து முழு நீளத்துக்கும் பாருங்கள். மேல் துரு என்றால் தேய்த்து பெயின்ட் அடிக்கலாம். பிரேக் குழாயில் குழி விழுந்திருந்தால் மாற்றலாம், பெரிய செலவில்லை. ஸ்பிரிங் தாங்கி அரித்திருந்தால் வெல்டிங் வைத்தாலும் 2028 வரை ஒவ்வொரு ஆறு மாதமும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாங்காதீர்கள் தம்பி, காய்கறி ஏற்றிய ஹையேஸ் வேறு கிடைக்கும்.